ஓன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்: எந்த எபிசோடில் தொடங்குவது?

"பாரில் சாயப் போய் ஒருத்தர் அப்படியே விழுவாரே, அந்த சீரியல்தானே?" என்று கேட்கிறவர்கள் நிறைய. அந்தத் துண்டு வீடியோ போய்ச் சேராத போன் கிடையாது. பார்த்துச் சிரித்தவர்கள் அடுத்துக் கேட்பது, "முழுசாகப் பார்க்கலாம் என்று இருக்கிறேன், எங்கிருந்து ஆரம்பிக்கட்டும்?"

கேள்வி நியாயமானதுதான். 'ஓன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்' 1981 செப்டம்பரில் பிபிசியில் தொடங்கி 2003 கிறிஸ்துமஸ் வரை விட்டு விட்டு ஓடியது. ஏழு சீசன், அப்புறம் கிறிஸ்துமஸ் சிறப்பு எபிசோட்கள், எல்லாம் சேர்த்து 64. 2004-ல் பிபிசி நடத்திய வாக்கெடுப்பில் பிரிட்டனின் சிறந்த சிட்காம் என்று மக்கள் தேர்ந்தெடுத்தது இதைத்தான். ரசிகர்களிடம் யோசனை கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், அதுவும் சண்டை போட்டுக்கொண்டு. சிக்கல் என்னவென்றால், அவர்கள் தங்களுக்குப் பிடித்ததைச் சொல்கிறார்கள். பத்துத் தடவை பார்த்தவருக்கு உயிரான எபிசோட், முதல் தடவை பார்ப்பவருக்கு ஒன்றுமே புரியாமல் போகலாம். அதனால் ரசிகர்கள் அடிக்கடி சொல்லும் பெயர்களை எடுத்துக்கொண்டு, புதிதாக வருபவரின் பக்கத்தில் உட்கார்ந்து இங்கே எடை போட்டுப் பார்த்திருக்கிறேன்.

தொடரைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம்: தென் லண்டனில் பெக்கம். அங்கே நெல்சன் மண்டேலா ஹவுஸ் என்ற உயரமான அடுக்குமாடிக் கட்டடம். அதில் ஒரு ஃபிளாட்டில் டெல், அவன் தம்பி ராட்னி, தாத்தா. அம்மா சீக்கிரமே இறந்துவிட்டாள், அப்பா வீட்டை விட்டே போய்விட்டார், தம்பியை வளர்த்தது அண்ணன்தான். பிழைப்பு என்று பார்த்தால், சந்தையில் சூட்கேஸைத் திறந்து வைத்து, எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூடாத சாமான்களைக் கூவி விற்பது. மூன்று சக்கர மஞ்சள் வேன் ஒன்று. அதன் பக்கவாட்டில் நியூயார்க், பாரிஸ், பெக்கம் என்று எழுதியிருக்கும். அடுத்த வருஷம் இந்நேரம் நாம் கோடீஸ்வரர்கள் என்பது டெல்லின் தினசரி ஜபம். டேவிட் ஜேசன் டெல்லாகவும் நிக்கோலஸ் லிண்ட்ஹர்ஸ்ட் ராட்னியாகவும் நடித்தார்கள். எழுதியவர் ஜான் சல்லிவன், தெற்கு லண்டன்காரர். தொடக்கப் பாட்டைப் பாடியிருப்பதும் அவரே.

## எதை வைத்து எடை போடுவது

முன்கதை தெரியாமல் உட்காரலாமா என்பது முதல் விஷயம். அடுத்தது நேரம். முதல் ஐந்து சீசன்களில் எபிசோடுக்கு அரை மணி. 1989-ல் வந்த ஆறாவது சீசனில் இருந்து ஐம்பது நிமிடம். கிறிஸ்துமஸ் சிறப்புகளில் சில, ஒரு சினிமா அளவுக்கு நீளும்.

மூன்றாவது, காது. டெல் பேசுவது தெற்கு லண்டன் சந்தைப் பேச்சு. படித்தவன் என்று காட்டிக்கொள்ள நடுநடுவே தப்புத் தப்பாகப் பிரெஞ்சு வேறு. நம்மில் பெரும்பாலோர் சப்டைட்டிலை நம்பித்தான் பார்க்கப் போகிறோம். ஆகவே சிரிப்பில் எவ்வளவு பங்கு கண்ணுக்குத் தெரிகிறது, எவ்வளவு வசனத்தில் ஒளிந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

நான்காவதைப் பலர் யோசிப்பதில்லை. ஒரு எபிசோடை முதலில் பார்த்துவிட்டால், அதற்கு முன்னால் வந்தவற்றில் எது எது பாழாகும்? இந்தத் தொடரில் ஆட்கள் சாகிறார்கள், கல்யாணம் செய்துகொள்கிறார்கள், பிரிகிறார்கள். எதிர்பாராமல் வந்து தாக்க வேண்டிய சில விஷயங்கள் முன்கூட்டியே தெரிந்துபோகும். அதுதான் மறைமுகச் செலவு.

ஐந்தாவது, எனக்கு மற்ற நான்கையும் விடப் பெரியது: அண்ணன் தம்பிக்கு நடுவில் என்ன இருக்கிறது என்பது தெரிகிறதா? விழுவதும் உடைவதும் எல்லா காமெடியிலும் உண்டு. இந்தத் தொடர் இருபது வருடம் தாங்கியது அந்த உறவால்.

| எபிசோட் | ஆண்டு | நீளம் | முன்கதை | முதலில் பார்த்தால் கெடுவது | அண்ணன் தம்பி |
|---|---|---|---|---|---|
| எ டச் ஆஃப் கிளாஸ் | 1982 | 30 நிமிடம் | வேண்டாம் | ஒன்றுமில்லை | ஓரளவு |
| ஸ்ட்ரெயின்ட் ரிலேஷன்ஸ் | 1985 | 30 நிமிடம் | கட்டாயம் | தாத்தாவின் முடிவு | நிறைய |
| யப்பி லவ் | 1989 | 50 நிமிடம் | கொஞ்சம் | கொஞ்சம் | பாதிக்கு மேல் |
| த ஜாலி பாய்ஸ் அவுட்டிங் | 1989 | 85 நிமிடம் | இருந்தால் நல்லது | இரண்டு காதல் கதைகள் | நிறைய |
| டைம் ஆன் அவர் ஹேண்ட்ஸ் | 1996 | ஒரு மணி | கட்டாயம் | எல்லாமே | உச்சம் |

## எ டச் ஆஃப் கிளாஸ் (1982)

இரண்டாவது சீசனின் கடைசி எபிசோட். கிராமத்துப் பக்கம் ஓர் ஏலத்துக்குப் போய், பாட்டுப் பாடும் பீங்கான் பூனைப் பொம்மைகளை வாங்கிக்கொண்டு மூவரும் வேனில் திரும்புகிறார்கள். வழியில் ஒரு சீமாட்டியின் கார் நின்றுபோயிருக்கிறது. கட்டி இழுத்துக்கொண்டு அவளுடைய மாளிகையில் விடுகிறார்கள். நன்றி சொல்லி அனுப்பிவிடலாம் என்று அந்த வீட்டார் நினைக்கிறார்கள், டெல் விட்டால்தானே. உள்ளே நுழைந்தவன் பிரபுவோடு சரிசமமாகப் பேசத் தொடங்குகிறான். ராட்னிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அப்போது பிரபு, வீட்டில் தொங்கும் பழைய சரவிளக்குகளைச் சுத்தம் செய்வதைப் பற்றிப் போனில் பேசுவது டெல் காதில் விழுகிறது. நாங்கள் அதில் நிபுணர்கள் ஆயிற்றே என்று ஒரு போடு போடுகிறான்.

கடைசி நிமிடத்தில் நடப்பதை நான் சொல்லப் போவதில்லை. துண்டு வீடியோவாக ஏற்கெனவே பார்த்திருந்தால் அது உங்கள் விதி. பார்க்காதவர்கள் தயவுசெய்து தேடாதீர்கள். சல்லிவனின் அப்பா குழாய் வேலை செய்தவர். அவர் வேலைக்குப் போன ஒரு பெரிய வீட்டில் நிஜமாகவே இப்படி நடந்திருக்கிறது. மகன் அதைக் கதையாக்கினார். படப்பிடிப்பில் அந்தக் காட்சியைத் திரும்ப எடுக்க வழியே இல்லை, ஒரே டேக்தான். சிரித்தால் வேலை போய்விடும் என்று இயக்குநர் ரே பட் தன்னை எச்சரித்ததாக லிண்ட்ஹர்ஸ்ட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த நேரத்தில் ராட்னியின் முகத்தைக் கவனியுங்கள். அடக்கிய சிரிப்பெல்லாம் திகைப்பாக மாறி நிற்கிறது.

இதன் பலம், பொறுமை. இருபத்தைந்து நிமிடம் எதுவும் உடையாது. வர்க்க வேறுபாட்டை வைத்து மெல்ல மெல்லக் கிச்சுக்கிச்சு மூட்டிக்கொண்டே போவார்கள். டெல்லுக்குத் தன்னால் எதையும் செய்ய முடியும் என்ற நம்பிக்கை, தம்பிக்குத் தங்களால் ஒன்றும் முடியாது என்ற உண்மை, தாத்தாவுக்கு எங்கே இருக்கிறோம் என்பதிலேயே குழப்பம். மூன்று பாத்திரங்களும் அரை மணிக்குள் முழுசாகத் தெரிந்துவிடுகிறார்கள். உச்சக்கட்டத்தில் மொழியே தேவையில்லை, சப்டைட்டிலை அணைத்துவிட்டுப் பார்த்தாலும் புரியும்.

குறை என்றால், அண்ணன் தம்பி பாசம் இங்கே ஆழமாகத் தெரியாது. கூட்டாளிகளாகத்தான் இருப்பார்கள். அந்தக் காலத்துப் படத்தரமும் சிலருக்குச் சலிப்பூட்டலாம். ஆனால் அரை மணிதான். பிடிக்காவிட்டால் போன நேரம் பெரிதல்ல. தொடரே நமக்கு ஒத்துவருமா என்று சோதித்துப் பார்க்க நினைப்பவருக்கு இதை விட நல்ல இடம் இல்லை.

## ஸ்ட்ரெயின்ட் ரிலேஷன்ஸ் (1985)

1984 டிசம்பரில், நான்காவது சீசனின் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது, தாத்தாவாக நடித்த லென்னர்ட் பியர்ஸ் இறந்துபோனார். வேறு நடிகரைப் போட்டுத் தொடர்வதை சல்லிவன் ஏற்கவில்லை. தாத்தாவின் சாவையே எழுதினார். ஒரு நகைச்சுவைத் தொடரின் எபிசோட், சவ அடக்கத்தில் தொடங்குகிறது.

இடுகாட்டில் எல்லாரும் அழுதுகொண்டு நிற்கிறார்கள். தாத்தாவின் தொப்பியைக் குழியில் போட்டு வழியனுப்புகிறார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பாதிரியார் தன் தொப்பியைக் காணோம் என்று தேடுகிறார். கண்ணில் தண்ணீர் இருக்கும்போதே சிரிக்க வைப்பது என்ன லேசான வேலையா? அப்புறம் டெல் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, எப்படி இவ்வளவு சீக்கிரம் தேறிவிட்டாய் என்று தம்பி கோபமாகக் கேட்கிறான். தேறுவதா, நான் இன்னும் அழவே ஆரம்பிக்கவில்லை, எப்படி ஆரம்பிப்பது என்றும் தெரியவில்லை என்ற பொருளில் டெல் திரும்பக் கத்துகிறான். குடும்பத்தைத் தாங்குகிறவன் உடைந்தால் எல்லாம் உடைந்துவிடும் என்று சின்ன வயதிலிருந்தே பழகிப்போனவன் அவன். டேவிட் ஜேசன் வெறும் காமெடி நடிகர் என்று நினைப்பவர்களுக்குக் காட்ட வேண்டிய காட்சி இது.

இந்த எபிசோடில்தான் தாத்தாவின் தம்பி ஆல்பர்ட் வந்து சேர்கிறார். வெள்ளைத் தாடி, கடற்படைக் கதைகள், போக மாட்டேன் என்ற பிடிவாதம். பஸ்டர் மெரிஃபீல்ட் நடித்தது. முறைப்படி பார்த்தால் பையன்களுக்கு அவரும் தாத்தாதான், ஆனால் எல்லாரும் அங்கிள் என்றுதான் கூப்பிடுவார்கள்.

இதை முதலில் பார்க்கலாமா? கூடவே கூடாது. தாத்தாவோடு மூன்று சீசன் வாழாமல் அவர் சாவுக்கு வந்து என்ன செய்யப் போகிறீர்கள்? முதல் மூன்று சீசன்களில் ஆறேழு எபிசோடாவது பார்த்த பிறகு வாருங்கள். அப்படி வந்தவர்கள் பலருக்கு இது முதல் இடத்துக்குப் போய்விடும். என் பட்டியலிலும் இரண்டாவது இடத்துக்குக் கீழே இறங்கியதில்லை.

## யப்பி லவ் (1989)

பார் விழுகை இதில்தான். ஆறாவது சீசனின் முதல் எபிசோட், முதன்முதலாக ஐம்பது நிமிட நீளத்தில் வந்த சீசன்.

'வால் ஸ்ட்ரீட்' படம் பார்த்த பாதிப்பில் டெல் நீளக் கோட்டும் பெட்டியுமாகத் திரிகிறான். தாட்சர் காலத்து லண்டனில் இளம் பணக்காரர்கள் புழங்கும் ஒயின் பார்களில் போய் உட்காருகிறான். அந்த வருடமே குடித்துவிட வேண்டிய பூஜொலே நுவோ ஒயினை, 1979-ஆம் வருடத்தது இருக்கிறதா என்று கேட்கிறான். பக்கத்தில் ட்ரிகர், ஊரிலேயே மந்தமான மூளைக்காரன். இரண்டு பெண்கள் பார்க்கிறார்கள். அலட்டிக்கொள்ளாமல் நிதானமாக இருக்க வேண்டும் என்று ட்ரிகருக்குப் பாடம் எடுத்துக்கொண்டே டெல் சாய்கிறான். மதுக்கடைப் பையன் பலகையைத் தூக்கிவிட்டுப் போயிருக்கிறான்.

துண்டு வீடியோவில் இது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முழு எபிசோடில் பார்க்கும்போது வேறு மாதிரி. அதுவரை அவன் பெரிய மனிதனாக நடித்துக் கட்டிய கோட்டை முழுக்க அந்த ஒரு நொடியில் சரிகிறது. ஒரு மதுக்கடையில் ஒருவர் இப்படித் தடுமாறி, சமாளித்துப் பிடித்துக்கொண்டதைப் பார்த்து சல்லிவனுக்கு வந்த யோசனை அது. பிடித்துக்கொள்ளாமல், கீழே பார்க்காமல், உடம்பை வளைக்காமல் மரம் போல விழ வேண்டும் என்றவர் ஜேசன். அது சரியான முடிவு. எனக்கு அதை விடப் பிடித்தது, பக்கத்தில் இருந்த ஆள் எங்கே என்று ட்ரிகர் சுற்றுமுற்றும் பார்ப்பது. ட்ரிகராக நடித்த ரோஜர் லாயிட் பேக் அதில் ஒரு துளி கூடச் சிரிப்பைக் காட்டவில்லை.

விழுகைக்காக உட்காருபவர்கள் தவறவிடுவது, ராட்னியின் பாதிக் கதை. கசாண்ட்ரா என்ற பெண்ணை அவன் சந்திப்பது இங்கேதான். கோட்டு மாறிப்போய்த் தொடங்கும் பழக்கம். தான் இருப்பது அரசு கட்டிய அடுக்குமாடி என்று சொல்லக் கூச்சப்பட்டு, ஒரு பங்களா வாசலில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொள்கிறான். அவள் கையசைத்துவிட்டுப் போகும்வரை, கொட்டுகிற மழையில் அந்த வீட்டுக்காரன் போல நின்றாக வேண்டும். அண்ணன் மதுக்கடையில் போடும் வேஷமும் தம்பி மழையில் போடும் வேஷமும் ஒன்றேதான் என்பதை எபிசோட் எங்கேயும் வாய்விட்டுச் சொல்லாது.

செலவு என்று பார்த்தால், எண்பதுகளின் லண்டன் புதுப்பணக்காரர்களைப் பற்றிய கிண்டல் கொஞ்சம் நழுவலாம். டெல்லின் உடையே அந்தக் காலத்தைப் பற்றிய ஒரு ஜோக், அது தெரியாதவருக்கு வெறும் கோட்டு. தாத்தா இல்லாமல் ஆல்பர்ட் வீட்டில் இருப்பதையும் பார்த்துவிடுவீர்கள். எப்படி என்றுதான் தெரியாது, அதனால் பெரிய நஷ்டமில்லை. பழைய படத்தரம், மெதுவான வேகம் எல்லாம் ஆகாது என்பவர்கள் இங்கிருந்து தொடங்கி நேராக முன்னால் போகலாம். இதற்குப் பிறகு இது ஒரு தொடர்கதை மாதிரிதான்.

## த ஜாலி பாய்ஸ் அவுட்டிங் (1989)

குடும்பத்தோடு ஒரே ஒரு எபிசோட் பார்க்கப் போகிறோம், அப்புறம் பார்ப்போமோ மாட்டோமோ என்கிறவர்களுக்கு இது. 85 நிமிடம், 1989 கிறிஸ்துமஸ் அன்று வந்தது.

நேக்ஸ் ஹெட் என்ற அவர்கள் ஏரியா மதுக்கடையின் ஆட்கள் எல்லாரும் வருடா வருடம் பஸ் பிடித்து, கெண்ட் மாவட்டத்துக் கடற்கரை ஊரான மார்கேட்டுக்கு ஒரு நாள் உல்லாசப் பயணம் போவார்கள். கட்டியவளும் கூடாது, வேலை நினைப்பும் கூடாது. பழைய கார் விற்கும் பாய்ஸி, லாரி ஓட்டும் டென்சில், மதுக்கடைக்காரர் மைக், மிக்கி பியர்ஸ், ட்ரிகர் என்று மொத்தக் கூட்டமும் ஒரே பஸ்ஸில். டெல் யாரிடமோ விற்ற ரேடியோ ஒன்றும் உடன் வருகிறது. வழியில் நிற்கும் இடத்தில் பந்து விளையாடி ராட்னி போலீஸில் மாட்டுகிறான். திரும்பி வர முடியாமல் ராத்திரி தங்க இடம் தேடி, பேய் பங்களா போன்ற ஒரு விடுதியில் போய் விழுகிறார்கள். இத்தனைக்கும் நடுவில் வேலைநிறுத்தத்தால் ரயிலும் கிடையாது.

எந்த ஊரிலும் நண்பர்கள் சேர்ந்து டூர் போனால் நடப்பதுதான் இது, அதனால் மொழியும் பண்பாடும் குறுக்கே வருவதில்லை. இராட்டினமும் கடற்கரையும் ராத்திரி வெளிச்சமுமாக, ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்து தொடர் மூச்சு விடுவது போல இருக்கும்.

விலை என்ன? இரண்டு. டெல் அந்த ஊரில் எதிர்பாராமல் ஒரு பெண்ணைத் திரும்பச் சந்திக்கிறான். அவள் ராக்கெல். முந்தைய வருடக் கிறிஸ்துமஸ் எபிசோடான 'டேட்ஸ்'-ல் அவர்கள் எப்படிச் சந்தித்தார்கள், எப்படிப் பிரிந்தார்கள் என்பதைப் பார்க்காமல் இதைப் பார்த்தால், அந்தச் சந்திப்பு சும்மா ஒரு சந்திப்பாகப் போய்விடும். ராட்னிக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருப்பதும் முதல் காட்சியிலேயே தெரிந்துவிடும். பொழுதுபோக்குக்குப் பார்ப்பவருக்கு இதெல்லாம் பொருட்டில்லை. முழுத் தொடரையும் பார்க்கும் எண்ணம் உள்ளவர்கள், குறைந்தது 'யப்பி லவ்', 'டேட்ஸ்' இரண்டையும் முடித்துவிட்டு மார்கேட் பஸ்ஸில் ஏறுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். பாட்டு உரிமைப் பிரச்சினையால் இந்தத் தொடரின் பல எபிசோட்களில், டிவிடி போன்ற வெளியீடுகளில் பாட்டுகளை மாற்றியோ வெட்டியோ இருக்கிறார்கள். பின்னணியில் ஏதோ ஒட்டாமல் ஒலித்தால் உங்கள் காதின் குற்றம் அல்ல.

## டைம் ஆன் அவர் ஹேண்ட்ஸ் (1996)

முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுங்கள். சொல்லாமல் ஒப்பிட வழியில்லை.

1996 கிறிஸ்துமஸ் வாரத்தில் மூன்று எபிசோட்கள் வந்தன. 25-ஆம் தேதி 'ஹீரோஸ் அண்ட் வில்லன்ஸ்', 27-ஆம் தேதி 'மாடர்ன் மென்', 29-ஆம் தேதி 'டைம் ஆன் அவர் ஹேண்ட்ஸ்'. முதலாவதில்தான் டெல்லும் ராட்னியும் பேட்மேன், ராபின் வேஷத்தில் பனிமூட்டத் தெருவில் ஓடி வருவது. மாறுவேட விருந்துக்கு என்று கிளம்பியவர்கள் அவர்கள், போய்ச் சேரும் இடத்தில் நடப்பது வேறு. நகராட்சியில் கூட்டிப் பெருக்கும் ட்ரிகர், ஒரே துடைப்பத்தை இருபது வருடமாக வைத்திருப்பதற்காக விருது வாங்குவதும் அதே எபிசோடில். 17 தடவை தலை மாற்றியிருக்கிறான், 14 தடவை கைப்பிடி மாற்றியிருக்கிறான், ஆனாலும் அதே துடைப்பம்தான் என்று ஆதாரத்துக்குப் போட்டோவும் காட்டுகிறான். ஒரு பொருளின் எல்லாப் பாகத்தையும் மாற்றிய பின் அது அதே பொருள்தானா என்ற பழைய தத்துவக் கேள்விக்கு, பிரிட்டனில் இப்போது ட்ரிகரின் துடைப்பம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

மூன்றாவதைப் பிரிட்டனில் பார்த்தவர்கள் 2.43 கோடிப் பேர். அங்கே வேறு எந்த சிட்காம் எபிசோடுக்கும் அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. கேரேஜில் குப்பையோடு குப்பையாகக் கிடந்த ஒரு பழைய கடிகாரம், கடலில் தீர்க்கரேகை கண்டுபிடிக்க உதவிய கடிகாரங்களைச் செய்த ஜான் ஹாரிசனின் தொலைந்துபோன படைப்பு என்று தெரிய வருகிறது. ஹாரிசன் நிஜ மனிதர், 18-ஆம் நூற்றாண்டுக்காரர். இந்தக் கடிகாரம் மட்டும் கற்பனை. சோத்பீஸில் ஏலம் போகிறது, 62 லட்சம் பவுண்டுக்கு. பதினைந்து வருடமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த அந்த வாக்கியம் நிஜமாகிவிடுகிறது.

பிறகு அவர்கள் மஞ்சள் வேனுக்குள் உட்கார்ந்து கத்தும் காட்சி. மதுக்கடைக்குள் நுழைந்ததும் ஒரு நிமிடம் நிசப்தம், பிறகு எல்லாரும் கைதட்டுவது. பாய்ஸி கூடத் தட்டுகிறான். அந்தக் கைதட்டலின் அர்த்தம் புரிய, அவர்கள் எத்தனை முறை அங்கே வெறுங்கையோடு வந்திருக்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். லிஃப்ட் காட்சியும் அப்படித்தான். ராட்னியும் கசாண்ட்ராவும் குழந்தையை இழந்தது 'மாடர்ன் மென்'-ல். அதைப் பற்றிப் பேசவே மறுக்கும் தம்பியை, லிஃப்டுக்குள் சிக்கிக்கொண்டதாக நாடகமாடி அண்ணன் பேச வைக்கிறான். முன்னதைப் பார்க்காதவருக்கு இரண்டு பேர் லிஃப்டில் பேசிக்கொண்டிருப்பது மட்டுமே மிஞ்சும்.

வெளிப்படையாகச் சொன்னால், 64-ல் சிறந்தது இதுதான். முதலில் பார்க்கக் கூடாதவற்றிலும் முதலிடம் இதற்கே. பந்தியில் உட்கார்ந்ததும் பாயசத்தை மட்டும் குடித்துவிட்டு எழுந்து போவது போல ஆகும். 'ஹீரோஸ் அண்ட் வில்லன்ஸ்' மட்டும் என்றால் பரவாயில்லை, பேட்மேனுக்காகத் தனியாகப் பார்க்கலாம். நடுவில் உள்ளதைத் தவிர்த்துவிட்டு மூன்றாவதுக்குத் தாவாதீர்கள்.

## முதலிலிருந்தே வரிசையாக?

ஒழுங்கான ஆட்களின் வழி. முதல் எபிசோடான 'பிக் பிரதர்'-ல் ட்ரிகரிடம் டெல் வாங்கும் பெட்டிகளுக்கு எண் பூட்டு, அந்த எண் எழுதிய காகிதமோ பெட்டிக்குள்ளேயே. கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போன ராட்னி ஹாங்காங் போனதாகச் சொல்கிறான், போனது ஸ்டோக் நியூவிங்டன் வரைதான், அதுவும் லண்டனுக்குள்ளேயே. நல்ல தொடக்கம்தான். ஆனால் முதல் சீசன் இன்னும் கால் ஊன்றாத சீசன், பாட்டுக் கூட வேறு. இன்று காதில் உறுத்தும் இனச் சொற்களும் ஆரம்ப வருடங்களில் சாதாரணமாக வந்துபோகும். பிள்ளைகளோடு உட்காருபவர்கள் அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு எபிசோடைப் பார்த்துவிட்டு "இதற்கா இத்தனை பேச்சு" என்று விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களை 'எ டச் ஆஃப் கிளாஸ்' திரும்ப இழுத்து வந்தது.

## அப்படியானால் என் வரிசை

'எ டச் ஆஃப் கிளாஸ்'. பிடித்திருந்தால் முதல் சீசனுக்குத் திரும்பி, மூன்றாவது வரை நிதானமாக. மூன்றாவது சீசனில் 'மே த ஃபோர்ஸ் பீ வித் யூ' விட்டுவிட வேண்டாம், ஜிம் பிராட்பென்ட் ஊழல் போலீஸ்காரனாக வருகிறார். பிறகு 'ஸ்ட்ரெயின்ட் ரிலேஷன்ஸ்'. அங்கிருந்து 1988 கிறிஸ்துமஸ் வரை, நேரம் இல்லாதவர்கள் குதித்துக் குதித்துப் போகலாம். 'டேட்ஸ்' முதல் ஒன்றையும் விடாதீர்கள். 1996-ன் மூன்றையும் ஒரே வாரத்தில் பாருங்கள், அப்படித்தான் அவை முதலில் வந்தன.

நேரமே இல்லை, ஒரு சாயங்காலம்தான் என்றால், 'யப்பி லவ்'. விருந்தாளிகள் வந்திருந்தால் மார்கேட்.

2001 முதல் 2003 வரை வந்த கடைசி மூன்று கிறிஸ்துமஸ் எபிசோட்களைப் பற்றி ரசிகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். கிடைத்த செல்வம் எல்லாம் பங்குச் சரிவில் போய், அண்ணன் தம்பி மறுபடி பழைய ஃபிளாட்டுக்கே வந்துவிடுகிறார்கள். 1996-லேயே நிறுத்தியிருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆல்பர்டும் அப்போது இல்லை, மெரிஃபீல்ட் 1999-ல் இறந்துவிட்டார். ஆனால் 1987-ன் 'த ஃப்ராக்ஸ் லெகசி'-யைப் பார்த்துவிட்டு, ராட்னி ஏன் அண்ணன் சாயலில் துளியும் இல்லை என்று யோசித்தவர்கள் மட்டும் 2003-ன் 'ஸ்லீப்லெஸ் இன் பெக்கம்' வரை போகலாம். பதில் அதில் இருக்கிறது.